கபடியில் கால் நொடி முடிவு: ரைடரும் டிஃபென்டரும் கோச்சும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாவட்ட, மாநில ஆட்டங்களுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் மைதானங்களில் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்பவர்கள் புதிதாகக் கோச்சிங்குக்கு வந்த பி.இ.டி. ஆசிரியர்கள், ஆடும் பையன்கள், பெண்கள், கோட்டுக்கு வெளியே நின்று நகம் கடிக்கும் பெற்றோர். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறோம். அளவுகள் எல்லாம் சீனியர் ஆண்கள் ஆட்டத்துக்கானவை. பெண்கள் ஆட்டத்துக்கு ஒரு கேள்வி தனியாக இருக்கிறது.

"கபடியில யோசிக்கவே நேரம் இல்லையே. அப்புறம் என்ன முடிவு, என்ன தந்திரம்?"

ஒரு ரைடுக்கு, அதாவது ரைடர் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போய்த் திரும்புவதற்கு, 30 நொடி. நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர், அங்கிருந்து போனஸ் கோடு இன்னொரு மீட்டர், கடைசிக் கோடு 6.5 மீட்டரில். இந்த 30 நொடியில் பெரும்பங்கு இடமும் வலமும் ஆடி ஆழம் பார்ப்பதில் போய்விடும். பாயிண்ட் கைமாறுகிற கணம் என்று பார்த்தால் அது கால் நொடிதான்.

கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடம்பு அசையச் சுமார் 0.2 நொடி ஆகும். அதுவும் "விளக்கு எரிந்தால் பட்டனை அழுத்து" என்பதுபோல ஒரே வேலைக்குத்தான். செய்யக்கூடியவை இரண்டு, நான்கு என்று கூடக்கூடத் தாமதமும் கூடும். ஹிக் என்ற ஆய்வாளர் 1952இல் இதை அளந்தே காட்டினார். ஆறு உத்தியை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போகிற ரைடர், இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவனைவிட மெதுவாகத்தான் அசைவான். எனவே யோசனையை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே முடித்துவிட வேண்டும். உள்ளே போனபின் பார்ப்பதும் செய்வதும்தான் வேலை.

"சரி, உள்ளே போறதுக்கு முன்னாடி என்னத்தைப் பார்த்து வெச்சுக்கணும்?"

முந்தைய ரைடு முடிந்ததும் 5 நொடிக்குள் அடுத்த ரைடர் கிளம்ப வேண்டும். அந்த 5 நொடிக்கு நான்கு கேள்வி போதும். எதிரே எத்தனை பேர்? நமக்கு எத்தனை எம்ப்ட்டி ரைடு (பாயிண்ட் எதுவும் விழாத ரைடு) ஓடியிருக்கிறது? மீதி நேரமும் பாயிண்ட் வித்தியாசமும் என்ன? எந்தக் கார்னர் (டிஃபென்ஸ் வரிசையின் கோடியில் நிற்பவர்) பலவீனம்?

முதல் கேள்வியிலேயே பாதி முடிவு வந்துவிடும். ஆறு அல்லது ஏழு பேர் நின்றால்தான் போனஸ், அதாவது போனஸ் கோட்டைக் காலால் தாண்டினால் கிடைக்கும் பாயிண்ட், உண்டு. ஐந்து பேர் இருக்கும்போது போனஸுக்குக் கால் நீட்டி மாட்டிக்கொள்ளும் பையன்களை ஒவ்வொரு டோர்னமெண்டிலும் பார்க்கலாம். மூன்று பேரோ அதற்குக் குறைவோ என்றால் சூப்பர் டேக்கிள், அதாவது நம்மைப் பிடித்தால் அவர்களுக்கு 2 பாயிண்ட்.

கணக்கு முடிந்ததும் ஒரு திட்டம், ஒரு மாற்று. "போனஸ் எடுக்கிறேன், இடது கார்னர் முன்னால் ஏறினால் கையால் தொடுகிறேன்." மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் மேலே சொன்ன தாமதம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"எதிராளியோட எதைப் பார்க்கணும்? கண்ணையா, கையையா, காலையா?"

டிஃபென்டர் ரைடரின் இடுப்பையும் தொடையையும் பார்க்க வேண்டும். கை, தலை, தோள், முன்னங்கால் எல்லாவற்றாலும் ஏமாற்ற முடியும். உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை மட்டும் மறைப்பது கஷ்டம், அது இடுப்பில் தெரிந்துவிடும். போனஸுக்குக் கால் நீட்டுகிறவன் எடையைப் பின்காலுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். போனஸ் கணக்காக, முன்கால் கோட்டைத் தாண்டும்போது பின்கால் தரையை விட்டு எழுந்திருக்கவும் வேண்டும். ஒரு கால் நீண்டு மறுகால் எழும் அந்தக் கணம் கார்னருக்குக் கணுக்கால் பிடிக்கான வாசல். திரும்பி ஓடத் தொடங்கிவிட்டால் தொடைப் பிடி. லாபி (களத்தின் இரு பக்கத்து ஓரப் பட்டை) பக்கமாக நிலை தவறி நின்றால் கவரிலிருந்து, அதாவது வரிசையின் நடுவை ஒட்டி நிற்பவரிடமிருந்து, டாஷ் (உடம்பால் இடித்து வெளியே தள்ளுவது).

ரைடர் பார்க்க வேண்டியது கார்னரின் குதிகாலை. குதிகால் தரையில் இருந்தால் அவன் காத்திருக்கிறான். குதிகால் எழுந்து முழங்கால் மடங்கி விரல்கள் விரிந்தால் பாயப் போகிறான். கவரில் நிற்கிறவனிடம் வேறொரு அடையாளம்: டாஷ் அடிப்பதற்கு முன் பலரும் பக்கத்தில் நிற்கும் கார்னரை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை தெரிந்ததும் நடுவுக்கு வந்துவிட வேண்டும்.

"எங்க கார்னர் ரொம்ப சீக்கிரம் பாய்ஞ்சிடறான். பொறுமையா இருன்னு சொன்னா பிடிக்கவே மாட்டேங்கிறான்."

அட்வான்ஸ் டேக்கிள் என்று சொல்வது இதைத்தான். காரணம் பெரும்பாலும் அவசர புத்தி இல்லை, தவறான அடையாளம். ரைடர் காலை அசைத்த உடனே அவன் கிளம்புகிறான், எடை மாறும்வரை காத்திருப்பதில்லை. "பொறுமை" என்ற சொல்லில் எப்போது கிளம்புவது என்ற செய்தியே இல்லை, அதனால்தான் பையன் உறைந்துபோகிறான். "பின்கால் எழுந்தா போ, எழலைன்னா போகாதே" என்று சொல்லிப் பாருங்கள்.

பழக்குவதற்கு ஒரு ரைடர், ஒரு கார்னர் போதும். ரைடர் பத்து முறை கால் நீட்டட்டும். எந்த நான்கில் உண்மையாகப் போனஸுக்குப் போவது என்பது அவன் இஷ்டம். கார்னர் மீதி ஆறில் அசையாமல் நின்றால்தான் பாஸ். பிடித்ததை மட்டும் எண்ணிப் பாராட்டினால் மறுபடி அட்வான்ஸ் டேக்கிளுக்கே போவான்.

"பக்கத்துல இருக்கிறவன் பாய்ஞ்சுட்டான், அது தப்புன்னு எனக்குத் தெரியுது. நானும் போகணுமா?"

சாதாரண நிலையில் போகத்தான் வேண்டும். அவன் தொட்ட உடனே ஒரு பாயிண்ட் தொங்கலில் நிற்கிறது. ரைடர் தப்பினால் அது போயிற்று. தனியாளாகப் பிடித்து நிறுத்துவது அபூர்வம், அரை நொடி தாமதமாக வரும் சப்போர்ட்டால் பயனில்லை. எனவே கார்னர் பாய்ந்தால் அந்தப் பக்கத்து 'இன்' (கார்னருக்கு அடுத்து நிற்பவர்), கவர் இருவரும் கேள்வி கேட்காமல் போவது என்று வைத்துக்கொள்வார்கள். சரியா தவறா என்ற விசாரணை டைம் அவுட்டில்.

விதிவிலக்கு, ஒரு பாயிண்ட் போனால் தாங்கும், மூன்று போனால் ஆட்டமே போகும் என்ற நிலை. அங்கே பின்னால் பாய்கிற ஒவ்வொருவனும் இன்னொரு பாயிண்டைத் தூக்கிக் கொடுக்கக்கூடும். அதைக் களத்தில் தனித்தனியாக முடிவு செய்ய விடக்கூடாது. ரைடர் நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே கேப்டன் ஒருவர் "சப்போர்ட் உண்டு" அல்லது "இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். ஏழு பேர் ஏழு முடிவு எடுத்தால் கைகோத்து நிற்கும் செயின் அறுந்துவிடும்.

"மனசுல முதல்ல தோணுறதை நம்பலாமா?"

பழகிய ஆட்டக்காரர் நம்பலாம். ஹேண்ட்பால் ஆடும் இளைஞர்கள் 85 பேரிடம் ஆட்ட வீடியோவை ஓடவிட்டு, ஒரு கட்டத்தில் நிறுத்தி, பந்து வைத்திருப்பவன் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள் ஜான்சன், ராப் என்ற இரு ஆய்வாளர்கள் (2003). முதலில் வந்த யோசனைகளே தரமாக இருந்தன. நேரம் கொடுத்து அடுத்தடுத்துச் சொல்லச் சொன்னபோது தரம் இறங்கியது.

ஆனால் முதல் எண்ணம் நல்லதாக வர, அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான ரைடுகளும், ஒவ்வொன்றின் விளைவும் உடனே தெரிந்த அனுபவமும் வேண்டும். ஆறு மாதம் ஆடிய பையனுக்கு முதலில் தோன்றுவது, போன வாரம் கைகொடுத்த உத்தியாகத்தான் இருக்கும். அவனுக்கு இரண்டாவது கேள்வியில் சொன்ன கணக்கே பாதுகாப்பு.

"பிராக்டிஸ்ல புலி, மேட்ச்ல எலி. என் பையனுக்குப் பயமா?"

பயம் எல்லோருக்கும் உண்டு. பிரச்சினை கவனம் எங்கே போகிறது என்பதில். நெருக்கடியில் சிலர் தன் கால் எப்படி வைக்கிறோம், கை எவ்வளவு நீள்கிறது என்று தன்னையே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தானாக ஓடிக்கொண்டிருந்த அசைவு உடனே கட்டையாகிவிடும். கவனத்தை எதிராளியின் குதிகாலில் ஒப்படைத்தால் இது பெருமளவு தணியும்.

மற்றொரு காரணம் பயிற்சியிலேயே இருக்கிறது. பிராக்டிஸில் ஸ்கோர் கிடையாது, கடிகாரம் கிடையாது, தோற்றால் வெளியே உட்கார வேண்டியதில்லை. அங்கே நெருக்கடியையே பார்க்காதவன் மேட்சில் முதல்முறையாகப் பார்க்கிறான். பதற்றத்தின் அடையாளங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்: பாட்டை, அதாவது "கபடி கபடி" என்று பாடுவதை, தாமதமாகத் தொடங்குவது, பாக் லைனைத் தாண்டாமலே திரும்புவது. யாரையும் தொடாமல் பாக் லைனையும் தாண்டாமல் திரும்பினால் அவுட். இந்த இரண்டும் ஒரே ஆட்டத்தில் வந்தால் பையனுக்குத் திட்டு வேண்டாம், அடுத்த ரைடுக்கு வேறொருவரை அனுப்புங்கள்.

"முடிவெடுக்கிறதைப் பயிற்சியில எப்படிக் கொண்டுவர்றது?"

ஒவ்வொரு பயிற்சி ரைடுக்கும் ஒரு நிலவரம் சொல்லி அனுப்புங்கள். "ரெண்டு பாயிண்ட் பின்னாடி, 40 செகண்ட், டூ ஆர் டை, எதிரே நாலு பேர்." டூ ஆர் டை என்றால் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டிய ரைடு. சொன்னதும் 5 நொடியில் கிளம்ப வேண்டும். ரைடு 30 நொடி வேண்டாம், 15 போதும். திரும்பி வந்ததும் "ஏன்டா அப்படிப் பண்ணினே?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குச் சாக்குத்தான் பதிலாக வரும். "என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். "ரைட் கார்னர் குதிகாலைத் தூக்கினான் சார்" என்று பதில் வந்தால், தொடுதல் தவறியிருந்தாலும் ரைடு சரி. "தெரியலை சார்" என்றால், பாயிண்ட் எடுத்திருந்தாலும் வேலை பாக்கி.

இரண்டாவது, செல்போன் வீடியோ. உங்கள் அணியின் ரைடுகளிலிருந்தே இருபது துண்டுகள் எடுத்து, கால் எழும் கணத்தில் நிறுத்தி, "போனஸா, ஏமாத்தா?" என்று சத்தமாகச் சொல்ல வையுங்கள். பத்து நிமிடம் போதும். தெளிவாகச் சொல்ல முடிந்ததும் நிறுத்தும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, களைப்பு. ஆறு தரம் தரையில் படுத்து எழுந்து, மூச்சு இரைக்கும்போதே ரைடு. ஒரு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். ஓய்ந்த உடம்பில் டேக்கிள் பழகினால் முழங்கால் போகும்.

"கோச் வெளியிலிருந்து சொல்லிக்கிட்டே இருந்தா ஈஸியா இருக்குமே?"

விதியில் இடமில்லை. வெளியிலிருந்து கோச்சிங் கொடுப்பது ஃபவுல் பட்டியலில் இருக்கிறது. ரைடு நடக்கும்போது சொந்த அணிக்காரர் ரைடருக்கு எச்சரிக்கையோ யோசனையோ சொன்னால் எதிரணிக்கு டெக்னிக்கல் பாயிண்ட். பல அம்பயர்கள் கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம். கண்டுகொள்கிற ஒருவர் இறுதிப்போட்டியில் வந்து நிற்பார்.

விதி இல்லாவிட்டாலும் பயனில்லை. கோச் பார்த்து, சொல்லி, பையன் காதில் வாங்கி அசைவதற்குள் கால் நொடி கடந்துவிடும். "பின்னாடி பாருடா!" என்ற கூச்சல் காதில் விழும்போது பையன் தரையில் கிடப்பான்.

"டைம் அவுட் 30 செகண்ட்தான். அதுக்குள்ள என்ன சொல்ல முடியும்?"

வழக்கமான விதிப்படி ஒரு பாதிக்கு இரண்டு டைம் அவுட், தலா 30 நொடி. ஆட்டக்காரர்கள் களத்தை விட்டு வெளியே வரக்கூடாது, வந்தால் டெக்னிக்கல் பாயிண்ட். முதல் பத்து நொடி யாரும் பேச வேண்டாம், தண்ணீர், மூச்சு. அடுத்த பத்து நொடி நிலவரம்: எத்தனை பாயிண்ட், எவ்வளவு நேரம், யாருக்கு டூ ஆர் டை. கடைசிப் பத்து நொடியில் ஒரே ஒரு கட்டளை, அதுவும் ஒரு ஆளின் பெயரோடு. "செல்வம், அவன் ரைட்ல வந்தா நீ தொடைக்குப் போ, மத்தவங்க செல்வத்தோட போங்க." இதற்கு மேல் சொன்னது எதுவும் நிற்காது.

எப்போது கேட்பது என்பது இதைவிட முக்கியம். ஆல் அவுட் ஆனபின் டைம் அவுட் கேட்பது ஆள் போனபின் வைத்தியம் பார்ப்பது போல. மூன்று பேர் மிச்சமிருக்கும்போது கேளுங்கள். அப்போது சூப்பர் டேக்கிளுக்கு ஏற்பாடு செய்ய வழியிருக்கிறது.

"டூ ஆர் டை ரைடுக்கு பெஸ்ட் ரைடரைத்தானே அனுப்பணும்?"

தொடர்ந்து இரண்டு எம்ப்ட்டி ரைடு போனால் மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரைடர் அவுட். எதிரணிக்கும் இது தெரியும். அவர்கள் தேடி வரமாட்டார்கள், ரைடரைத் தங்களிடம் வரவைப்பார்கள். பிரதான ரைடர் அங்கே மாட்டினால் ஒரு பாயிண்டோடு முடியாது, அவர் திரும்பி வரும்வரை அடுத்த சில ரைடுகளும் பலம் குறையும். பல அணிகள் இதற்கென்று இரண்டாம் நிலை ரைடர் ஒருவரை, பெரும்பாலும் உயரமான, கை நீளமான ஆளை, வளர்த்து வைத்திருக்கும்.

எதிரே இரண்டு மூன்று பேர்தான் என்றால் மட்டும் பெரிய ஆளை அனுப்புவது லாபம். தொட்டால் ஆல் அவுட் பக்கத்தில் வந்துவிடும்.

"மூணு பாயிண்ட் முன்னாடி, ஒன்றரை நிமிஷம் பாக்கி, ரைடு நம்மளது. என்ன பண்றது?"

90 நொடி. நாம் 30 எடுத்தால் 60. அவர்கள் அவசரத்தில் 15 நொடியில் முடித்தால் 45. மறுபடி நாம் 30, மீதி 15. ஆக அவர்களுக்கு இரண்டு ரைடு. நம் எம்ப்ட்டி கணக்கு பூஜ்யத்தில் இருந்தால் இரண்டு ரைடையும் சும்மா ஓட்டலாம். ஏற்கெனவே ஒன்று ஓடியிருந்தால் இரண்டாவது ரைடு டூ ஆர் டை ஆகிவிடும். இதை ஒரு நிமிடம் முன்பே பார்த்து, அந்த எம்ப்ட்டியை அப்போதே ஒரு போனஸால் அழித்திருக்க வேண்டும்.

டிஃபென்ஸில் பிடிக்கப் போகாதீர்கள். இரண்டு ரைடிலும் போனஸ் எடுத்துக்கொண்டு போகட்டும், 2 பாயிண்ட்தான், ஒன்றில் ஜெயித்தாயிற்று. மூன்று பேர் பாய்ந்து அவன் தப்பினால் ஒரே ரைடில் 3 போகும். ஒதுங்குகிறேன் என்று கடைசிக் கோட்டை மிதித்துவிடவும் கூடாது. போனஸ் கோட்டுக்கும் அதற்கும் இடையில் 1.75 மீட்டர்தான், கோட்டுக்கு வெளியே கால் பட்டால் அவுட்.

"ஒருத்தன் மட்டும் மிச்சம். இழுத்துப் பிடிக்கணுமா, விட்டுடணுமா?"

கோச்களுக்குள் சண்டை வரும் கேள்வி. கேப்டன் தாமாகவே அவனை அவுட் என்று அறிவித்தால் எதிரணிக்கு ஆளுக்கு 1, ஆல் அவுட்டுக்கு 2, மொத்தம் 3. பதிலுக்கு நமக்கு ஏழு பேரும் திரும்ப வருவார்கள். அறிவிக்காமல் இழுத்தால் அந்த ஒருவன் தொட்டு வந்தாலோ பிடித்தாலோ ஒருவர் உயிர் பெறுவார். பிடித்தால் சூப்பர் டேக்கிள், 2 பாயிண்ட். போனஸ் எடுத்தால் பாயிண்ட் மட்டும்தான், யாரும் திரும்பி வரமாட்டார்கள். இதை மறந்துவிட்டு ஆளைக் கொண்டுவர போனஸுக்கு அனுப்புகிறார்கள்.

எங்கள் கணிப்பு: முதல் பாதியில், பிரதான ரைடரும் கார்னரும் வெளியே இருந்தால், ரைடு நம்முடையதாகும்போது அவன் போனஸுக்கு முயலட்டும், அதன்பின் ஆல் அவுட் வந்தால் வரட்டும். இடைவேளை வந்தால் எல்லோரும் உயிர் பெறுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். முதல் பாதி முடிவில் எத்தனை பேரோ, இரண்டாம் பாதியும் அத்தனை பேரோடுதான் தொடங்கும். கடைசி மூன்று நிமிடத்தில், வித்தியாசம் நான்கைந்துக்குள் என்றால், மூன்று பாயிண்டைச் சும்மா கொடுக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

"பெண்கள் ஆட்டத்துக்கும் இதே கணக்குத்தானா?"

முறை அதேதான். களம் 12க்கு 8 மீட்டர், பாக் லைன் 3 மீட்டரில், போனஸ் 4 மீட்டரில். போனஸ் கோட்டுக்குப் பின்னால் கார்னருக்கு 2 மீட்டர் கிடைப்பதால் காத்திருக்க இடம் கொஞ்சம் அதிகம். ஆனால் அகலம் குறைவு, லாபி சீக்கிரம் வந்துவிடும், எனவே டாஷுக்கு முன் ரைடர் நடுவுக்குத் திரும்ப நேரம் குறைவு.

"வயசானா ரிஃப்ளெக்ஸ் குறையுமே, நாப்பது வயசுல எப்படி ஆடுறாங்க?"

தமிழ்நாட்டின் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைத் தாண்டியும் புரோ கபடியில் கார்னரில் நின்றார். கை அசையும் வேகம் வயதோடு குறையும்தான். எங்கே பார்ப்பது, எப்போது கிளம்பாமல் இருப்பது என்ற அறிவு குறைவதில்லை. அடையாளத்தைக் கால் நொடி முன்பே பிடிப்பவருக்கு வேகம் அவ்வளவு தேவைப்படுவதும் இல்லை.

"ரைடர் தொடாமலே லாபிக்குள்ள போயிட்டா பின்னாடி போகலாமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

சொல்லத்தான் செய்வார்கள், ஏனென்றால் விதியே இரண்டு விதமாக இருந்தது. யாரும் தொடாத நிலையில் லாபி களத்தில் சேர்த்தி இல்லை, உள்ளே போன ரைடர் அவுட். பின்னாலேயே போன டிஃபென்டர்கள்? ஒரு விதிப்படி ரைடர் போன உடனே ரைடு முடிந்தது, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. இன்னொன்றின்படி லாபிக்குள் போன அத்தனை பேரும் அவுட்.

2023 அக்டோபர் 7, ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதிப்போட்டி. இந்தியா 28, ஈரான் 28, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி. டூ ஆர் டை ரைடில் பவன் ஷெராவத் தொடாமலே லாபிக்குள் போனார், ஈரான் டிஃபென்டர்கள் பின்னாலேயே போனார்கள். எந்த விதி என்பதில் தீர்ப்பு முன்னும் பின்னும் மாறியது, வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள், ஆட்டம் ஒரு மணி நேரம்வரை நின்றது. கடைசியில் 33-29 என்று இந்தியா வென்றது.

எனவே பழக்க வேண்டியது ஒன்று: ரைடரின் கால் லாபிக் கோட்டைத் தாண்டியதும் டிஃபென்டர் கையை உயர்த்தி நின்ற இடத்திலேயே நிற்பது. பாய்ச்சலில் இருப்பவனை நிறுத்துவது கடினம், அதனால் இதையும் அந்தப் பத்துக்கு ஆறு பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரியிடம் இந்த டோர்னமெண்டில் லாபிக்கு எந்த விதி என்று கேப்டன் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். அப்படியே ரிவ்யூ உண்டா, டைம் அவுட் எத்தனை என்பதையும்.